கரையும் வரை பேசக்கூடாது

“நாக்கைத் தூக்கு.” என் வேலைக்காலத்தில் நான் அதிகம் சொன்னது இதுதான். வீட்டுக்காரரிடம்கூட இவ்வளவு அதிகாரமாக எதையும் சொன்னதில்லை. சொல்லியிருந்தாலும் அவர் தூக்கியிருக்க மாட்டார். நான் நர்சாக இருந்த வடாலா சென்டரிலோ பெரிய பெரிய தாதாக்கள்கூட என் முன்னால் வந்து உட்கார்ந்து, வாயை ஆவென்று திறந்து, சமர்த்தாக நாக்கைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனார்கள்.

ஓய்வு பெற்றபின் நம்மை யார் கூப்பிடப்போகிறார்கள் என்று நிம்மதியாக இருந்தேன். போன மாதம் கூப்பிட்டுவிட்டார்கள். கிராமப்பக்கமும் நம் சென்டர்களைப் போலத் திறக்க வேண்டும், கொஞ்சமாகப் போதைப்பொருள் வைத்திருந்து பிடிபட்டவனை ஜெயிலுக்கு அனுப்பாமல் வைத்தியத்துக்கு அனுப்ப வேண்டும் என்றெல்லாம் மேலே பேச்சு நடக்கிறதாம். அதனால் புதிதாகச் சேர்ந்த நர்சுகளுக்கு அனுபவத்தைச் சொல்லுங்கள் என்றார்கள். செம்பூரில் ஏ.சி. ஹால், கண்ணாடி டம்ளரில் தண்ணீர். ஸ்லைடு கொண்டுவந்தீர்களா சிஸ்டர் என்று ஒரு பெண் கேட்டாள். இரண்டு ஸ்பூன் கொண்டுவந்திருக்கிறேன் என்றேன். ஸ்பூனைக் காட்டி முடிப்பதற்குள் சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது. அங்கே விட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என் படிப்புக் கதை சின்னது. திருநெல்வேலிச் சீமையில் மிஷன் ஆஸ்பத்திரியில் நர்சிங் படித்தேன், கல்யாணமாகித் தாராவிக்கு வந்தேன், செம்பூரில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தேன். அது மூடப்பட்டபோது வடாலாவில் ஒரு தொண்டு நிறுவனம் நர்ஸ் தேடுகிறது என்று கேள்விப்பட்டுப் போனேன். பழைய கிடங்கின் மாடி அது. கீழே ஹார்பர் லைன் ரயில் போனால் மேலே மருந்து அலமாரி ஆடும். என்ன வேலை என்று கேட்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டேன். அப்புறம்தான் தெரிந்தது, வருகிறவர்கள் எல்லாரும் ஊசியில் பவுடர் ஏற்றிக்கொள்கிறவர்கள். பம்பாய்த் தெருவில் அவர்களை ‘கர்துல்லா’ என்பார்கள். அதைவிட மட்டமான பட்டம் இந்த ஊரில் கிடையாது.

எங்கள் வேலை இரண்டு வகை. ஊசியை விட முடியாதவர்களுக்குப் புது ஊசி கொடுத்துப் பழைய ஊசியை வாங்கிக்கொள்வோம், புண்ணுக்குக் கட்டுப் போடுவோம். விட முடிந்தவர்களுக்குப் பவுடருக்குப் பதிலாக மாத்திரை. இது தெரிந்ததும் தாராவியில் எங்கள் கோயில் பெண்கள் சங்கம் என்னை நடுவில் உட்காரவைத்து விசாரித்தது. “நீ ஊசி குடுத்தா அவன் இன்னும்லா போடுவான்?” என்று கேட்டார்கள். நான் கொடுக்காவிட்டாலும் போடுவான், குப்பையில் கிடப்பதை எடுத்துப் போடுவான், வியாதியைக் கொண்டுபோய் வீட்டில் பெண்டாட்டிக்கும் கொடுப்பான், உயிரோடு இருக்கிறவன்தான் என்றைக்காவது விடுவான் என்றேன். எனக்காக ஜெபம் பண்ணினார்கள். கொஞ்சம் நீளமாகவே பண்ணினார்கள்.

மாத்திரையை அவர்கள் ‘கோலி’ என்பார்கள். அதை முழுதாகக் கையில் கொடுக்கக்கூடாது. கொடுத்தால் வாயில் ஒதுக்கிக்கொண்டு போய் வெளியே விற்றுவிடுவான். அதனால் இரண்டு ஸ்பூன்களுக்கு நடுவில் வைத்து நசுக்கிப் பொடியாக்க வேண்டும். நாக்கைத் தூக்கச் சொல்லி அடியில் கொட்ட வேண்டும். அது மெதுவாகக் கரைந்து அங்கேயே இறங்கினால்தான் வேலை செய்யும், விழுங்கினால் வீண். ஆகவே கரையும் வரை பேசக்கூடாது, எச்சில் விழுங்கக்கூடாது, சிரிக்கக்கூடாது. கரைந்தபின் மறுபடி நாக்கைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போகலாம். பார்க்க ஒன்றுமில்லை. ஆனால் அதைச் சாப்பிட்டவனுக்கு அன்றைக்கு நடுக்கம் இல்லை, வாந்தி இல்லை, பவுடருக்கு அலைச்சல் இல்லை. வேலைக்குப் போவான்.

எங்கள் டாக்டர் மாட்டுங்காக்காரர், பாலக்காட்டுக் குடும்பம். வெங்கி சார் என்போம். மனிதர் வாயைத் திறந்தால் மூடமாட்டார். வார்டில் பேசுவார், படியில் பேசுவார், பாத்ரூம் கதவுக்குள்ளிருந்தும் பதில் வரும். ஆனால் பேஷண்டிடம் ஒருநாளும் ‘ஏன் போட்டாய்’ என்று கேட்டதில்லை. முதல் கேள்வி எப்போதும் “சாப்ட்டேளா?” என்பதுதான். வழியில் போலீஸிடம் அடிபட்டு வந்தவனிடமும் அதே கேள்விதான். எல்லாரையும் ‘நீங்கோ’ என்றுதான் கூப்பிடுவார். ஆரம்பத்தில் பாதிப்பேர் தங்களுக்குப் பின்னால் வேறு யாரோ நிற்பதாக நினைத்துத் திரும்பிப் பார்ப்பார்கள்.

அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. புதிதாக வந்தவனுக்கு முதல் மாத்திரை கொடுக்கும்போது, பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து, தன் நாக்குக்கு அடியில் ஒரு பெப்பர்மிண்ட் வைத்துக்கொள்வார். அவனுக்கு மாத்திரை கரையும் வரை இவரும் பேசமாட்டார். எதற்கு சார் இது என்று ஒருமுறை கேட்டேன். “அவாளை வாய மூடிண்டு உக்காருன்னு சொல்றோமே, அது எவ்ளோ கஷ்டம்னு நமக்குத் தெரிய வேண்டாமோ?” என்றார். எனக்கு அதில் வேறு சந்தோஷம். சென்டரில் அமைதி நிலவுவது அந்த நேரத்தில் மட்டும்தான்.

இப்போது டேனியலுக்கு வருகிறேன். தாராவியில் தோல் பை தைக்கிற பட்டறையில் வேலை. சொந்த ஊர் கிருபாபுரம், எங்கள் ஊருக்கு இரண்டு ஊர் தள்ளி. அதனால் என்னை ‘சிஸ்டரக்கா’ என்று இரட்டை மரியாதையாகக் கூப்பிடுவான். பம்பாய்க்கு வருவதற்கு முன், ஊரிலேயே வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் போடப் பழகியவன். கிராமத்தில் அதெல்லாம் எங்கே என்று கேட்பவர்கள் கிராமத்துக்குப் போய் வெகுநாளாகிறது என்று அர்த்தம். ஒருநாள் ஊர் எல்லையில் அவன் சட்டைப்பையில் ஒரே ஒரு ஊசியோடு பிடிபட்டான். ஜெயிலுக்குப் போனான். போகும்போது போதைப்பழக்கம் மட்டும் இருந்தது. வரும்போது மஞ்சள்காமாலைக் கிருமியும் சேர்ந்து வந்தது. அதன்பின் ஊருக்குப் போகாமல் நேராகப் பம்பாய்க்கு வந்துவிட்டான்.

எங்களிடம் வந்து மாத்திரையில் நின்று, முகத்தில் சதை போட்டிருந்த சமயத்தில் அவன் தங்கை ஜெசிக்குக் கல்யாணம் நிச்சயமானது. அப்பா இல்லை. அண்ணன்தான் பெண்ணைக் கைபிடித்துக் கோயிலுக்குள் அழைத்துவர வேண்டும். போக வேண்டும் என்று துடித்தான், போகவும் பயந்தான். அங்கே சுற்றுவட்டாரத்தில் எங்குமே இந்த மாத்திரை கொடுக்கும் இடம் இல்லை. மாத்திரை நின்றால் உடம்பு நடுங்கும், நடுங்கினால் பழைய கூட்டாளி தேடி வருவான், பழைய அளவு ஊசியை இப்போதைய உடம்பு தாங்காது. கல்யாண வீட்டில் சவம் விழும் என்பதை அவனே என்னிடம் சொன்னான்.

நான் எங்கள் ஊர்க் கோயிலில் எல்லாரும் சேர்ந்து சாப்பிடும் அசனப் பண்டிகைக்காக லீவு சேர்த்து வைத்திருந்தேன். வெங்கி சார் என்னைக் கூப்பிட்டார். “குளோரி, பையன் ஊருக்குப் போணும்ங்கறான். மாத்திரைக்குத் தனியாப் போகத் தெரியாது. நீங்கோ அழைச்சிண்டு போங்கோ” என்றார். விதியில் அதற்கு ஒரு சந்து இருந்தது. டாக்டர் எழுதிக்கொடுத்தால் நர்ஸ் மேற்பார்வையில் வெளியூரில் கொடுக்கலாம். எழுதிக்கொடுத்தார், முத்திரை வைத்தார். கடைசியில் ஒரு பெப்பர்மிண்ட் பொட்டலத்தையும் கையில் திணித்தார். “பக்கத்துல உக்காந்திருக்கறவாளுக்கு. அவாதான் ரொம்பப் பேசுவா” என்றார்.

தாதரில் ரயில் ஏறினோம். மறுநாள் காலையில் ஸ்பூன்களை எடுத்து நசுக்கி, நாக்குக்கு அடியில் கொட்டினேன். டேனியல் கைகட்டித் தலைகுனிந்து உட்கார்ந்தான். எதிர் சீட்டில் பாண்டுப்பிலிருந்து வந்த ஒரு அம்மா, தம்பிக்கு எந்த ஊர் என்று கேட்டார். பதிலில்லை. கல்யாணமாகிவிட்டதா என்று கேட்டார். பதிலில்லை. ஐயோ பாவம், ஊமை என்று முடிவு செய்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு தன் டப்பாவிலிருந்து இட்லிகளை எடுத்து இலையில் வைத்து அவன் முன்னால் நகர்த்தினார். மாத்திரை கரைந்தது. டேனியல் எனக்கு நாக்கைத் தூக்கிக் காட்டிவிட்டு, அந்த அம்மாவிடம் திரும்பி, “சட்னி இருக்காம்மா?” என்றான். அந்த அம்மா போட்ட கூச்சலில் டி.டி.ஆர். ஓடிவந்தார்.

கிருபாபுரத்தில் கதை வேறு மாதிரி போயிற்று. தினமும் காலையில் என் ஊரிலிருந்து முதல் பஸ் பிடித்து டேனியல் வீட்டுக்குப் போவேன். பின்கட்டு அறையில் மருந்தைக் கொடுப்பேன். முதல் நாளே கோயில் உபதேசியார் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டார். கெட்டழிந்து ஜெயிலுக்குப் போனவன் என்று ஊரே சொன்ன பையன், கண்ணைமூடி, தலைகுனிந்து, அசையாமல் உட்கார்ந்திருக்கிறான். எதிரில் வெள்ளைச்சேலையில் நான். “சிஸ்டர், ஜெபமா?” என்று கிசுகிசுத்தார். “பேசக்கூடாது” என்றேன். நான் சொன்னது அவ்வளவுதான். மறுநாள் ஜன்னலுக்கு வெளியே நாலைந்து பேர் உட்கார்ந்து மௌன ஜெபம் செய்துகொண்டிருந்தார்கள். அடுத்த நாள் பாய் விரித்திருந்தது. உபதேசியார் கோயிலில் டேனியலை உதாரணமாகச் சொல்லிப் பிரசங்கம் பண்ணிவிட்டார். டேனியல் கலங்கிப்போனான். “சிஸ்டரக்கா, கர்துல்லான்னு கூப்ட்டாக்கூட தாங்கிக்குவேன். பரிசுத்தவான்ங்காவோ, அதத்தான் தாங்க முடியல” என்றான்.

மாப்பிள்ளையின் பெரியப்பா ஒரு ஓய்வுபெற்ற ஹெட் கான்ஸ்டபிள். ஊரில் ஏட்டையா என்றால் அவர்தான். கல்யாணப் பந்தலில் பந்திக்கு வரிசை போடுவதைக்கூட லத்தி பிடித்த கையாலேயே செய்வார். அன்றைக்கு ஊர் எல்லையில் டேனியல் சட்டைப்பையிலிருந்து ஊசியை எடுத்தவரும் அவர்தான். பையன் திருந்திவிட்டான் என்று உபதேசியார் சத்தியம் பண்ணியதால்தான் அவன் தங்கையைக் கைபிடித்து வர ஒத்துக்கொண்டிருந்தார். “பழச பேசமாட்டேன், ஆனா கண்ணு வச்சிருப்பேன்” என்று முன்கூட்டியே சொல்லியும் இருந்தார்.

கல்யாணத்தன்று காலை. வீடு நிறையச் சனம், பின்பக்கம் பிரியாணிச் சட்டி, முன்பக்கம் பேண்டு செட். மாப்பிள்ளை வீட்டார் சொன்ன நேரத்துக்கு முன்னதாகவே வந்துவிட்டார்கள். நான் பின்கட்டு அறையில் ஸ்பூனிலிருந்து பொடியை டேனியல் நாக்குக்கு அடியில் கொட்டினேன், நிமிர்ந்தேன், வாசலில் ஏட்டையா நிற்கிறார்.

ஊர் மூன்று நாளாகப் பார்த்தது ஜெபத்தை. அவர் பார்த்தது வெள்ளைப் பொடியை. அவர் சர்வீஸில் ஒரு நாள்கூட இவ்வளவு தெளிவாகக் கையும் களவுமாக ஒருத்தர் அகப்பட்டிருக்க மாட்டார்கள். அதிலும் ஒரு நர்ஸ்.

சத்தம் போட்டதில் வீடே கூடிவிட்டது. நான் டாக்டர் கடிதத்தை நீட்டினேன். இப்படி எத்தனை காகிதம் பார்த்திருக்கேன் என்று வாங்கவே இல்லை. “பவுடர் திங்கவன் கையப் புடிச்சு வார பொண்ணு எங்க வீட்டுக்கு வேண்டாம்” என்றார். பிறகு டேனியலைப் பார்த்து, “ஏல, நீ சொல்லு. ஓன் வாயால சொல்லு. என்னல அது?” என்றார்.

டேனியல் பேசவில்லை. பேசினால் மருந்து தொண்டைக்குள் போய்விடும், மாற்று மாத்திரை என்னிடம் கிடையாது, பம்பாய் திரும்பும் வரைக்கும் நாள் எண்ணி அளந்து கொண்டுவந்தது. பேசாவிட்டால் கல்யாணம் நின்றுவிடும். அவன் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது. வாய் மட்டும் திறக்கவில்லை. அந்தக் கணத்தில் எனக்கு அவன்மேல் வந்த பாசத்தைப் பெற்ற பிள்ளைமேலும் நான் உணர்ந்ததில்லை. ஏட்டையாமேல் வந்த கோபமும் அதே அளவு.

நான் சென்டர் குரலுக்கு மாறினேன். “அவன் வாயால கேக்கணும்னா அவன் வாய் காலியாவணும். அது மருந்து. கரையுற வரைக்கும் பேசக்கூடாது. அவனும் பேசக்கூடாது, நீங்களும் பேசக்கூடாது. இந்தாங்க, நாக்குக்கு அடியில வைங்க” என்று ஒரு பெப்பர்மிண்ட்டை அவர் உள்ளங்கையில் வைத்தேன். அவர் ஆயுசில் யாரும் அவரிடம் அப்படிப் பேசியிருக்க மாட்டார்கள். அந்த அதிர்ச்சியிலேயே வாயில் போட்டுக்கொண்டார்.

உபதேசியாருக்கு இன்னும் விஷயம் முழுதாகப் புரியவில்லை. மௌனம் என்றதும் அவர் வேலை அவருக்குத் தெரியும். எல்லாரும் தலைவணங்குவோம் என்றார். கூடம் முழுக்கத் தலைகள் குனிந்தன. யாரோ ஓடிப்போய்ப் பேண்டுக்காரனை நிறுத்தினார்கள். சமையல்காரர் மட்டும் பின்பக்கத்தில் உப்பு எங்கேடா என்று கத்திவிட்டு, பதில் வராததால் பயந்து எட்டிப் பார்த்து, அவரும் கரண்டியோடு தலைகுனிந்தார். பாதிச் சடையோடு ஜெசி வந்து அண்ணன் பக்கத்தில் நின்றுகொண்டாள். ஏட்டையா கன்னம் உப்ப, மூக்கால் மூச்சு விட்டுக்கொண்டு நின்றார்.

கரைந்தது. டேனியல் பழக்கதோஷத்தில் முதலில் என்னிடம் நாக்கைத் தூக்கிக் காட்டினான். நானும் பழக்கதோஷத்தில் அடுத்த ஆளைப் பார்த்து, “ம், தூக்குங்க” என்றேன். ஏட்டையா நாக்கைத் தூக்கிக் காட்டினார். ஜெசிதான் முதலில் சிரித்தாள். அதற்கப்புறம் யாராலும் அடக்க முடியவில்லை.

டேனியல் சிரிக்கவில்லை. எழுந்து நின்று, ஊர் முன்னால் பேசினான்.

“ஏட்டையா, நான் பரிசுத்தவான் இல்ல. அன்னைக்கு எங்கிட்ட நீங்க புடிச்சது ஒரு ஊசி. ஜெயிலுக்குள்ள அதுவும் இல்ல, ஒரே ஊசிய எத்தனையோ பேரு போட்டோம். வியாதியோட வெளிய வந்தேன். இப்ப ஊசி கிடையாது. இந்த மருந்து இல்லன்னா எங் கை நடுங்கும். எந் தங்கச்சிய நடுங்காத கையால புடிச்சிட்டு வரணும். அதுக்குத்தான் திங்கேன்.”

உபதேசியார் உட்கார இடம் தேடினார். ஏட்டையா, “கோயிலுக்கு நேரமாச்சு. எல்லாரும் நடங்க” என்றார். பேண்டு மறுபடி தொடங்கியது. கோயில் நடையில் டேனியல் ஜெசியின் கையைப் பிடித்துக்கொண்டு போனான். பக்கவாட்டில் நடந்த ஏட்டையா மணப்பெண்ணையும் பார்க்கவில்லை, மாப்பிள்ளையையும் பார்க்கவில்லை. அந்தக் கை ஒன்றையே பார்த்துக்கொண்டு வந்தார். கை நடுங்கவே இல்லை.

நான் பம்பாய்க்குத் திரும்புவதற்கு முதல் நாள் ஏட்டையா என் வீட்டுக்கு வந்தார். கூடவே முப்பது வயது தாண்டிய அவர் மகன் கிறிஸ்டோபர். லோடு வண்டி ஓட்டுகிறவன். வெயில் காலத்தில், ஊசித் தழும்பை மறைக்கிறவர்கள் போடுகிற முழுக்கைச் சட்டை. எனக்கு அதற்குமேல் யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஏட்டையா உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு, “அந்தப் பொடி இங்கன எங்க கிடைக்கும்?” என்றார். இங்கே எங்கும் கிடைக்காது என்றேன். “அப்ப இங்க உள்ளவன் என்ன செய்வான்?”

எனக்கு வாய் சும்மா இருக்காது. “நீங்கதான் புடிச்சு உள்ள வைப்பியள்லா” என்றேன். சொன்னபின் அவர் முகத்தைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது. டேனியலுடைய மாத்திரையை இன்னொருவனுக்குக் கொடுக்க முடியாது. வெங்கி சாருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். நான் விஷயத்தைச் சொல்லி முடித்ததும் அந்தப் பக்கத்திலிருந்து கேள்வி வந்தது: “பையன் சாப்ட்டாரா?” ஏட்டையா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. ஊரில் எல்லாரும் பிழைப்புக்குப் பம்பாய்க்கு ரயில் ஏறுவார்கள். அப்பனும் மகனும் ஒரு மாத்திரைக்காக ஏறினார்கள்.

ஏட்டையா வடாலா சென்டரில் காலெடுத்து வைத்த முதல் நாள் மறக்க முடியாதது. சாதாரண வேட்டி சட்டைதான். ஆனால் அவர் நின்ற நிற்பைப் பார்த்தே பேஷண்டுகள் எல்லாரும் “போலீஸ், பாக்!” என்று இந்தியில் ஓடச் சொல்லிக் கத்திக்கொண்டு பின் படிக்கட்டு வழியாக இறங்கிவிட்டார்கள். அன்றைக்கு மாத்திரை சாப்பிட்டது கிறிஸ்டோபர் ஒருவன்தான். நாங்கள் தெருத்தெருவாகப் போய் மற்றவர்களைச் சமாதானப்படுத்தி அழைத்துவந்தோம். பிறகு தினமும் மகன் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பெப்பர்மிண்ட்டைத் தானே வாங்கிக்கொண்டு வருவார். கொஞ்ச நாளில் டேனியலோடு சேர்ந்து தெருவில் கிடந்த பழைய ஊசிகளை இடுக்கியால் பொறுக்கவும் போக ஆரம்பித்தார். ஊசியைக் கண்டுபிடிப்பதில் அவர் கண்ணுக்கு நிகரே கிடையாது. சர்வீஸ் பழக்கம்.

இப்போது ஜில்லா தலைநகரில் ஒரு சென்டர் திறந்திருக்கிறார்கள். கிருபாபுரத்திலிருந்து இரண்டு பஸ் மாற வேண்டும். அப்பனும் மகனும் ஊர் திரும்பிவிட்டார்கள். கிறிஸ்டோபர் தனியாகப் போய்வரத் தெரிந்தவன்தான். ஆனாலும் ஏட்டையா கூடவே போகிறார். சுற்று ஊர்களிலிருந்து புதிதாக வந்து பயந்து நிற்கிறவர்களை அவர்தான் கூப்பிட்டு உட்காரவைக்கிறாராம். சாப்பிட்டாயா என்று கேட்கிறாராம்.

செம்பூர் வகுப்பு முடிந்த மறுநாள் காலையில் அவருக்கு வீடியோ கால் போட்டேன். கிராமங்களுக்கும் வரப்போகிறது ஏட்டையா, இனி ஒரு ஊசிக்காக யாரையும் ஜெயிலில் போடாமல் விடலாம் என்று பேசுகிறார்கள் என்று சொல்ல நினைத்திருந்தேன். எடுத்தார். சென்டர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஒரு பக்கத்தில் கிறிஸ்டோபர் தலைகுனிந்து இருந்தான்; மறுபக்கம் யாரோ புதிய ஆள், முழுக்கைச் சட்டை, அவனும் தலைகுனிந்து இருந்தான். ஏட்டையா ஒரு விரலால் தன் உப்பிய கன்னத்தைத் தொட்டுக் காட்டினார்.

எனக்குச் சொல்ல நிறைய இருந்தது. கரையட்டும் என்று வாயை மூடிக்கொண்டு போனைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன்.